பத்தாவது கம்ப்யூட்டர்

சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறிய நொடியில்தான் அந்த யோசனை வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: சொல்யூஷன் என்றால் ஷூ கம்பெனியில் தோலையும் தோலையும் ஒட்டுகிற பசை. மஞ்சளாக, தேன்போல வழியும். முகர்ந்தால் நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆம்பூர்ப் பக்கத்து வீடுகளில் சர்க்கரை தீர்ந்துபோகலாம், சொல்யூஷன் டப்பா தீர்ந்துபோகாது. அறுந்த செருப்பு, உடைந்த பொம்மை, கிழிந்த ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் அதுதான். என் மாமா ஒருவர் தன் பல்செட்டையே அதில் ஒட்டப் பார்த்தவர். அது தனிக் கதை.

போன மாதம் ஆம்பூரைத் தாண்டி ஓர் அரசுப் பள்ளியில் இருந்தோம். நாங்கள் நான்கு பேர். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் சம்பளத்துக்கு உட்கார்ந்துவிட்டு, சனிக்கிழமைகளில் பள்ளிகளுக்குப் போய், வந்த கருவிகள் பிள்ளைகள் கைக்குப் போகின்றனவா என்று பார்க்கிறவர்கள். அன்று ஏதோ ஒரு கம்பெனி கொடுத்த முப்பது டேப்லெட்டுகள் வந்திருந்தன. அவற்றின் முதுகில் எண் போட்ட சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டு நிற்கவில்லை. அலுவலக உதவியாளர் அக்கா கைப்பையைத் திறந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். எங்கள் ஊர் கைப்பை அப்படித்தான்.

தலைமையாசிரியை பெருமையாகப் பீரோவைத் திறந்து காட்டினார். “போன தடவ குடுத்ததப் பாருங்கம்மா. ஒரு கீறல் இல்ல. அவ்ளோ பத்திரமா வச்சிருக்கோம்.”

உண்மைதான். கண்ணாடி மேல் ஒட்டி வந்த மெல்லிய தாள்கூட உரிக்கப்படவில்லை. என்னோடு வந்தவர்கள் “சூப்பர் மேடம்” என்றார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. பிள்ளைகள் தொட்ட பொருள் கீறல் இல்லாமல் இருக்குமா? நீங்களே சொல்லுங்கள், உங்கள் வீட்டு ரிமோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்போதுதான் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். டேப்லெட் பீரோவில் இருக்கக் கூடாது. நூலகப் புத்தகம்போல வீட்டுக்குப் போக வேண்டும். வரிசை, வீட்டில் போன் இல்லாத பிள்ளையிலிருந்து தொடங்க வேண்டும். கீறல் விழட்டும். எழுதி முடித்தவுடன் அடுத்த சந்தேகம். போன் இல்லாத வீடு எது என்று யார் சொல்வார்கள்? “இருக்குதுங்க” என்றுதான் எல்லா அம்மாவும் சொல்வார்கள். இருக்கும், அண்ணன் சட்டைப்பையில். அதைச் சமையலறை வரை போய்க் கேட்டு வர, தெருவில் எல்லோரும் நம்புகிற ஒரு பெண் வேண்டும். வாடை இன்னும் மூக்கில் இருந்தது. என் பள்ளித் தோழி தபஸுமின் பெயரும் கூடவே வந்துவிட்டது. அந்தப் பெயர் வந்தால் நான் கொஞ்சம் சும்மா இருந்துவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அது எனக்குப் பால் பாட்டிலோடு வந்தது. என் அம்மா ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர் வருகிற நாளுக்கு அங்கே ஆடிட் என்று பெயர். அன்று காலையில் எல்லோருக்கும் புதுக் கையுறை, முகத்துக்கு மாஸ்க், சுவரில் பஞ்சு நிரப்பிய முதலுதவிப் பெட்டி, மூலையில் தண்ணீர் கேன். பையர் கார் கேட்டைத் தாண்டியதும் ஒருவர் சாக்கோடு வருவாராம். கையுறைகளைக் கழற்றி அதில் போட வேண்டும். அடுத்த ஆடிட்டுக்கு வேண்டுமே. அம்மா இதைக் கோபமில்லாமல், மழை வந்தது போனது என்பதுபோலச் சொல்வார். ஆனால் எதைப் பார்த்தாலும் சுருக்கம் இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று தேடும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. புதிதாகக் கட்டிய பஸ் நிலையக் கழிப்பறையைப் பார்த்துவிட்டு, “தரையில ஈரமே இல்ல. பூட்டித்தான் வச்சிருப்பானுங்க” என்றார். அப்படித்தான் இருந்தது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பெண்கள் பள்ளிக்குப் பத்து கம்ப்யூட்டர் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள். எடுத்த போட்டோவில், நல்ல சடை போட்டிருந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. வீட்டுக்குப் பறந்து போய்ச் சொன்னேன்.

“இன்னாத்துக்கு இவ்ளோ குதிக்கிற? அத ஆன் பண்ணாங்களா?” என்று கேட்டார் அம்மா.

யோசித்துப் பார்த்தேன். பண்ணவில்லை.

“அப்போ அது ஆடிட்டுக்கு வந்த கம்ப்யூட்டரு. போய் சாப்பிடு.”

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. அறைச் சாவி தலைமையாசிரியையின் இடுப்பில் இருந்தது. அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். “ஒண்ணு ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?” என்பார். தையல் மிஸ் ஷூவுக்குள் வைக்கிற லைனிங் துணியில் பத்து உறை தைத்துக் கொடுத்தார். பத்து கம்ப்யூட்டரும் முக்காடு போட்டுக்கொண்டன. மாதம் ஒருமுறை எங்களை உள்ளே விடுவார்கள். ஊரே உலகத்துக்கு ஷூ தைக்கிறது, நாங்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வரிசையாகப் போவோம். ஆளுக்கு ஒருமுறை மவுஸைத் தொடலாம். மற்ற நாட்களில் மவுஸை நோட்டில் வரைந்து பாகங்களைக் குறிப்போம். அதில் நான் பத்துக்குப் பத்து. வலது பொத்தான், இடது பொத்தான், வால்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வந்தவர் கலா மிஸ். பகுதிநேர வேலை. ஒல்லியாக, வேகமாக, படிக்கட்டில் இரண்டிரண்டாக ஏறுவார். அவர் கணவர் பஜாரில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருந்தார். இந்தக் கடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன், அதுதான் வினை.

தபஸும் என் பக்கத்து இடம். என் தோஸ்த். தோஸ்த் என்றால் தினமும் சண்டை போடுகிறவள் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். ஸ்கேலுக்குச் சண்டை, ஜன்னல் இடத்துக்குச் சண்டை, அவள் வீட்டுப் பிரியாணிக்குச் சண்டை. அவள் அப்பா தோல் தொழிற்சாலையில் தோல் ஊறிச் சுழலும் டிரம்மை ஓட்டினார். அவள் அம்மி, அதாவது அம்மா, வீட்டிலேயே அப்பர் ஒட்டித் தைப்பார். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். சாயங்காலம் வேன் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் காலையில் எடுத்துப் போகும். தபஸும் அட்டையை எடுத்து ஒரே வெட்டில் பாதம் வெட்டுவாள். அளவு பார்க்க மாட்டாள். அப்படி வெட்டிய இரண்டு அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் நூல் பிசகாது. எனக்குப் பொறாமையாக இருக்கும், இப்போது நினைத்தாலும் இருக்கிறது.

நாங்கள் பத்தாவது வந்தபோது அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. வேலூர்ப் பக்கம் ஒரு பயிற்சி நிலையம், பத்தாவது முடிக்கிற பெண்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஷூ வடிவமைக்கக் கற்றுக்கொடுக்கிறது, தங்குமிடம் உண்டு, முடித்தால் வேலை உண்டு என்று வகுப்பில் வந்து சொன்னார்கள். தேர்வு கம்ப்யூட்டரில்தான். மவுஸைப் பிடித்துக் கோடு இழுத்து, வளைத்து, ஒரு பாதம் வரைய வேண்டும். தபஸுமின் வீட்டில் பேச்சு முடிந்திருந்தது: இடம் கிடைத்தால் படிக்கலாம், இல்லையென்றால் பத்தாவது முடிந்ததும் கம்பெனி. அவள் வாழ்நாளில் மவுஸைத் தொட்டது எல்லாம் சேர்த்தால் ஒரு சாப்பாட்டு நேரம்கூட வராது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடுகிற ரப்பர் ஷீட்டின் வெட்டுத் துண்டில் ஒரு மவுஸ் செய்தாள். உள்ளங்கைக்கு அளவாக, முதுகு வளைவாக, வால்கூட வைத்து. அதை டெஸ்க் மேல் நகர்த்தி நகர்த்திப் பழகினாள். வாயால் “டிக், டிக்” என்பாள்.

“அம்பு எங்கடி போவுது?” என்று கேட்டேன்.

“மனசுல போவுது. நீ கம்முனு இரு, கோடு கோணிக்கும்.”

சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டில் போய் யோசித்தேன். பத்து கம்ப்யூட்டர் உறை போட்டு உட்கார்ந்திருக்கிறது, இவள் ரப்பரைத் தேய்க்கிறாள். ரத்தம் கொதித்தது என்று எழுத ஆசைதான். பதினைந்து வயதில் எனக்குக் கொதிக்க ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

அந்த வாரம் கம்ப்யூட்டர் அறை ஜன்னலை எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு மூலையில் யாரோ நகத்தால் சுரண்டிய ஓட்டை. கண்ணை வைத்து எண்ணினேன். ஒன்பது முக்காடு. மறுபடி எண்ணினேன். ஒன்பது. முந்தின நாள் சாயங்காலம் கலா மிஸ்ஸும் வாட்ச்மேனும் துணி சுற்றிய ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். பஜாரில் பிரவுசிங் கடை. கணக்கு நேராயிற்று. இப்போது யோசித்தால், பெட்டி போன பக்கம் கேட் இல்லை, தையல் அறைதான் இருந்தது. ஆனால் சந்தேகப்படுகிறவளுக்குக் கேட் எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒரு விஷயமா?

கூடவே தபஸுமின் மேலும் சந்தேகம். பள்ளி விட்டதும் என்னோடு வராமல் நின்றுவிடுகிறாள். கேட்டால், “தையல் மிஸ் ஜாக்கெட் தைக்க கத்துத் தர்றாங்க” என்றாள். அப்பர் தைக்கிறவளுக்கு ஜாக்கெட் எதற்கு? வேறு தோஸ்த் பிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அதனால் என் திட்டத்தை அவளிடம் சொல்லவில்லை.

திட்டம் என்னவென்றால் மொட்டைக் கடிதம். கல்வி அலுவலகத்துக்கு. கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால், பெரிய பெரிய எழுத்தில்: பள்ளிக்குக் கொடுத்த பத்தாவது கம்ப்யூட்டர் எங்கே, அது யார் கடையில் ஓடுகிறது, விசாரிக்கவும். எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. உறையின் வாய் ஒட்டவில்லை. வீட்டில் பசை இல்லை. வேறு என்ன, அம்மாவின் சொல்யூஷன். தாராளமாக, அப்பர் ஒட்டுவதுபோல இரண்டு பக்கமும் தடவி, காய விட்டு, அழுத்தி ஒட்டினேன். இந்த ஊர்க்காரி அன்றி வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்ய முடியாது. அந்த வாடை எங்களுக்குக் காற்று மாதிரி. கடிதம் பேசும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் ஜீப் வந்தது. இரண்டு அதிகாரிகள். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அலுவலக வராந்தாவில் போனபோது உள்ளே சத்தம். நின்றேன். கேட்கக் கூடாததைக் கேட்பதில் நான் எப்போதும் முதல்.

பத்தாவது கம்ப்யூட்டர் தையல் அறையில் இருந்தது. கலா மிஸ்தான் அங்கே கொண்டுபோய் வைத்திருந்தார். சாவி கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, ஒன்று பழுதாகிவிட்டது, சரி பார்க்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் பொய் சொல்லி வெளியே எடுத்திருக்கிறார். பள்ளி விட்டதும் தேர்வுக்குப் போகிற மூன்று பெண்களுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அந்த மூன்று பேரும் உள்ளே நின்றிருந்தார்கள், அதில் ஒருத்தி தபஸும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம். முக்கியமாக என்னிடம். என் வாய் அப்படி.

தலைமையாசிரியை கடித உறையை மூக்கருகே கொண்டுபோனது கதவிடுக்கில் தெரிந்தது.

“சொல்யூஷன் வாட வருது,” என்றார். “பிள்ளைங்கள்ல விஷயம் தெரிஞ்சது நீங்க மூணு பேருதான். மூணு பேருல யாரு வீட்ல அப்பர் ஒட்டுறாங்க?”

ஒருத்தி வீடு மளிகைக் கடை. இன்னொருத்தி அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை.

“நான் எழுதல மிஸ்,” என்றாள் தபஸும். “அல்லா மேல சத்தியமா எழுதல. நான் ஏன் மிஸ் எழுதப்போறேன்?”

அவள் தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை, கலா மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள். கலா மிஸ் தபஸுமின் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் காய்ந்த மஞ்சள் பசை இருந்திருக்கும், எப்போதும் இருக்கும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போய் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வராந்தாவுக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு வாசற்படிதான். நான் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினேன். அன்று கணக்குப் பாடம். நன்றாகக் கவனித்தேன் என்பது வேறு நினைவிருக்கிறது.

விசாரணை முடியும்வரை அறைக்கு அரக்கு வைத்து சீல். பத்து கம்ப்யூட்டரும் உள்ளே. கலா மிஸ்ஸை அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தபஸும் மறுபடி ரப்பர் மவுஸை எடுத்தாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

வேலூர் போய் வந்து இவ்வளவுதான் சொன்னாள்: “அம்பு கைல நிக்கல. நான் இந்தப் பக்கம் இழுத்தா அது ஓடிப்போய் மூலையில நின்னுக்குது. பக்கத்துல ஒருத்தி கண்ண மூடிக்கினு வரையறா.” அந்த ஒருத்தி வீட்டில் கம்ப்யூட்டர் இருந்திருக்கும். பாதம் வெட்டத் தெரிந்திருக்குமா என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தபஸுமுக்கு இடம் கிடைக்கவில்லை. பத்தாவது முடிந்ததும் கம்பெனி. நான் பன்னிரண்டு வரை படித்து, அரசாங்க மடிக்கணினி வாங்கி, கல்லூரி போய், இப்போது சமவாய்ப்பு பற்றி சனிக்கிழமைதோறும் பேசுகிறேன். அந்த மடிக்கணினிகூடப் பள்ளியில் தங்கியவர்களுக்குத்தான் கிடைத்தது. யாருக்கு அது ரொம்பத் தேவையோ, அவர்கள் அதற்குள் வெளியேறியிருந்தார்கள்.

இப்போது அந்தப் பள்ளியில் பச்சை ஜன்னல் இல்லை. கட்டடத்தையே இடித்து, பெரிய திரை வைத்த வகுப்பறை கட்டிவிட்டார்கள். பத்து கம்ப்யூட்டரும் சீல் உடைந்த பிறகும் ஒழுங்காக ஓடவே இல்லையாம். எலி வயரைத் தின்றிருந்தது. பழைய சாமான் லாரியில் உறைகளோடு போனதாகக் வாட்ச்மேன் சொன்னார். பஜாரில் பிரவுசிங் கடைகள் ஒன்றுகூட இல்லை. கலா மிஸ்ஸின் கணவர் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். தபஸுமின் வீட்டுத் தெருவில் மூட்டை இறக்கும் வேன் வருவது நின்றுவிட்டது. இதையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான், போன ஞாயிறு மத்தியானம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவள் இப்போது ஷூ கம்பெனியில் சேம்பிள் பிரிவில் இருக்கிறாள். புது மாடலுக்கு முதல் அட்டை வெட்டுவது அவள் வேலை. பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட கம்ப்யூட்டர் அறை. “நான் வெட்ற அட்டைய எடுத்துப் போய் மிஷின்ல வச்சு கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிறாங்க. எனக்கு அந்தக் கதவுகிட்ட போவ கார்டு இல்ல,” என்றாள், டீயை ஆற்றிக்கொண்டே.

நான் டேப்லெட் திட்டத்தைப் படபடவென்று சொன்னேன். அவள் வீடு வீடாகப் போவது, போன் யார் கையில் என்று பார்ப்பது, கீறல் விழுந்தால் விழட்டும், எல்லாம். பிறகு, அதே மூச்சில், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு, கடிதத்தையும் சொன்னேன். அப்படிச் சேர்த்துச் சொன்னால் சின்னதாகத் தெரியும் என்று ஒரு கணக்கு.

“தெரியும்,” என்றாள்.

“எப்படிடி?”

“அதுக்கு முன்னாடி தெனம் என்கூட சண்ட போடுவ. ஜீப்பு வந்த அன்னிலருந்து ஒரு சண்ட இல்ல. ஜன்னல் எடத்த வேற விட்டுக் குடுத்த. திடீர்னு நல்லவளாய்ட்டா சந்தேகம் வராதா?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டு? மிஸ்ஸு போய்ட்டாங்க. உன்னையும் உட்டா எனக்கு யாரு இருக்கா?” டம்ளரைக் கீழே வைத்தாள். “ஆனா ஒண்ணு. எனக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத் தெரியாது. போன வருசம் வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். மிஸ்ஸுன்னு கூப்புட்டேன். என்னப் பாத்துட்டு, பாக்காத மாதிரி பஸ்ல ஏறிட்டாங்க. இன்னும் நான்தான்னு நெனச்சிக்கினு இருக்காங்க. எனக்கு அந்தப் பரீட்சை போனதுகூட ஜாஸ்தி இல்லடி. இதுதான் பேஜாரு.”

நான் வாயைத் திறந்தேன்.

“மொதல்ல அவங்ககிட்ட போய் சொல்லு. அப்புறமா டேப்லெட்டு பேசலாம். என் பேரு அங்க கெட்டுக் கெடக்க, நான் எந்த வீட்டுக் கதவத் தட்றது?”

கலா மிஸ் இப்போது நாட்றம்பள்ளியில் இருக்கிறார். வீட்டு மாடியில் நாலு பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். போன் எண்ணும் கிடைத்தது. போனில் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். போனில் சொல்வது மறுபடியும் இடது கையால் எழுதுவது மாதிரிதான். அவரும் என்னைச் சந்தேகப்படலாம். திட்டத்துக்குப் பேர் வாங்க வந்திருக்கிறாள், தபஸும்தான் அனுப்பியிருக்கிறாள், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒருத்தி பழியை ஒருத்தி ஏற்கிறாள் என்றெல்லாம் தோன்றலாம். தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படி நினைத்தால் மறுநாளும் போவேன்.

இந்தச் சனிக்கிழமை பள்ளிக்கு வரவில்லை என்று மற்ற மூவருக்கும் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள், திரும்பி வந்து சொல்கிறேன் என்றேன். காலையில் வாணியம்பாடியில் பஸ் மாற வேண்டும். மாடிப்படி ஏறி, பிள்ளைகள் இருந்தால் அவர்கள் எதிரிலேயே, முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும். அது மட்டும் தயாராக இருக்கிறது: “மிஸ், தபஸும் இல்ல. நான்தான்.” இரண்டாவது வாக்கியம் என்னவென்று தெரியவில்லை. அவர் சொல்லட்டும்.